பால்நாளத்தின் இரண்டு அடுக்குகள்

நோயில்லாத மார்பகத் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதில் எனக்கு இன்றுவரை அலுப்பு வந்ததில்லை. குறுக்கே வெட்டுப்பட்ட பால்நாளத்தில் உட்புறம் ஒரு வரிசை செல்கள் தெரியும். பிள்ளை பெற்ற காலத்தில் பால் சுரப்பது இந்த உள்வரிசையின் வேலை. அதைச் சுற்றி, மெலிந்து தட்டையாக, இன்னொரு வரிசை இருக்கும். குழந்தை வாய்வைத்ததும் சுருங்கிப் பாலைத் தள்ளிக்கொடுப்பது இந்த வெளிவரிசை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி வெளியே ஓர் அடித்தளச் சவ்வு. மார்பக பயாப்சி எது வந்தாலும் ஒரு நோய்க்குறியியல் மருத்துவர் முதலில் தேடுவது இந்த இரண்டு அடுக்குகளைத்தான். அவை இருக்கின்றனவா, குலைந்திருக்கின்றனவா, எந்த அளவுக்குக் குலைந்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்வதே எங்கள் அறிக்கை.

நான் அருமனைக்காரி. மார்த்தாண்டம், நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று இந்த வட்டாரத்துக்குள்ளேயே படித்து, பழகி, ஸ்லைடு பார்த்து வருகிறேன். மார்பகத்தைக் கட்டியெழுப்பும் மரபணுக்களும் மார்பகப் புற்றை வளர்க்கும் மரபணுக்களும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. என் தொழில் எனக்குக் காட்டியவற்றுள் ஆழமானது இதுதான். புற்றுநோய் வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஒரு பெண்ணின் உடலில் பருவம் எய்தும்போதும் சூல்கொள்ளும்போதும் விழித்து, வேலை முடிந்ததும் அடங்க வேண்டிய மரபணுக்கள் அடங்காமல் போவதில்தான் அதன் வளர்ச்சி இருக்கிறது. இதை உணர்ந்தபின் ஸ்லைடைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறியது.

எங்கள் ஊரில் இதைச் சொல்ல ரப்பர் மரம் போதும். வெளுப்பதற்கு முன்பே பால்வெட்டப் போகிறவர் பட்டையைச் சாய்வாகச் சீவுகிறார். பால் ஓடும் குழாய்கள் உள்பட்டையில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, தடியை ஒட்டி, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. தாவரவியலில் அதைக் கேம்பியம் என்பார்கள். மரத்தின் ஸ்டெம் செல்கள் அவை. உள்ளே மரத்தையும் வெளியே பட்டையையும் பிறப்பித்துக்கொண்டே இருப்பவை. கைதேர்ந்த வெட்டுக்காரர் அதைத் தொடமாட்டார். சில ஆண்டுகளில் அந்த இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மறுபடி வெட்டலாம். கத்தி ஆழமாக இறங்கித் தடியைத் தொட்டுவிட்டால், ஆறுகிற பட்டை முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. பட்டையைப் புதுப்பிப்பதும் முடிச்சாகப் புடைப்பதும் ஒரே வளரும் திசுதான். எந்தக் கட்டுப்பாட்டில் அது வளர்கிறது என்பதில் மட்டுமே வேறுபாடு. மரத்தின் முடிச்சு மரத்தை விட்டு வேறெங்கும் போவதில்லை, புற்று போகும். ஒப்புமை அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

நம் உடலின் உறுப்புகளில் பெரும்பாலானவை பிறக்கும்போதே ஏறக்குறைய முழு வடிவத்தில் இருக்கும். மார்பகம் அப்படியல்ல. பிறந்த குழந்தையிடம் இருப்பது சில எளிய நாளங்கள் மட்டுமே. பருவம் எய்தும்போது அந்த நாளங்களின் முனைகள் தடித்து, கொழுப்புத் திசுவுக்குள் கிளைவிட்டு முன்னேறுகின்றன. ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் செல்கள் கொஞ்சம் பெருகி, கொஞ்சம் மடிகின்றன. சூல்கொண்டால் நாள முனைகளில் நுண்ணறைகள் கொத்துக் கொத்தாக எழும்பும். பால்குடி மறந்ததும் அவ்வளவு நுண்ணறைகளும் மடிந்து கரைந்துபோகும். அடுத்த பிள்ளைக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இப்படி மறுபடி மறுபடி கட்ட வேண்டுமானால், கட்டும் திறனை விடாமல் வைத்திருக்கிற சில செல்கள் உள்ளே இருந்தாக வேண்டும். அவையே மார்பகத்தின் ஸ்டெம் செல்கள்.

1959-இல் கலிஃபோர்னியாவில் கென்னத் டிஓம் குழுவினர், பால் சுரப்பித் திசுவை நீக்கிய எலியின் கொழுப்புத் திண்டில் சிறு துண்டுத் திசுவை நட்டு, அதிலிருந்து நாளங்கள் கிளைத்து வளர்வதைக் காட்டினார்கள். 2006-இல் மெல்பர்னில் ஜேன் விஸ்வேடர், ஜெஃப்ரி லிண்டமன் ஆகியோரின் ஆய்வகம் அந்த முறையின் உச்சிக்குச் சென்றது. பிரித்தெடுத்த ஒரே ஒரு செல்லை நட்டு, அதிலிருந்து முழுப் பால் சுரப்பியே உருவாவதைக் காட்டினார்கள். உள்வரிசை, வெளிவரிசை, பால் சுரக்கும் நுண்ணறை எல்லாம் அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகள். அதே ஆண்டில் கனடாவின் வான்கூவர் குழுவும் இதே முடிவுக்கு வந்தது. வயதுவந்த மார்பகத்தில், நட்டுப் பார்க்காத இயல்பு நிலையில், இரண்டு அடுக்குகளுக்கும் ஒரே ஸ்டெம் செல்லா அல்லது அடுக்குக்கு ஒன்றா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. கட்டும் திறனுள்ள செல்கள் உண்டு என்பதில் வாதம் இல்லை.

அந்தத் திறனை எந்த மரபணுக்கள் தாங்குகின்றன என்ற கேள்விக்கான முதல் விடை, வியப்பாக, புற்றுநோய் ஆய்விலிருந்தே வந்தது. தாய்ப்பால் வழியாகக் குட்டிகளுக்குத் தொற்றி, எலிகளில் மார்பகப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸ் உண்டு. அந்த வைரஸ் செல்லின் மரபுத்தொகையில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்று ரூல் நுஸ்ஸேயும் ஹெரால்ட் வார்மஸும் சான் ஃபிரான்சிஸ்கோவில் தேடினார்கள். பல கட்டிகளில் அது ஒரே மரபணுவின் பக்கத்தில் ஒட்டியிருந்தது. வைரஸ் ஒட்டியதும் அடங்கியிருந்த அந்த மரபணு விழித்துக்கொண்டது. 1982-இல் இதை வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, பழ ஈயின் சிறகு உருவாவதற்குத் தேவையான மரபணு ஒன்றும் இதுவும் ஒன்றே என்று தெரியவந்தது. இன்று விண்ட் என்று அழைக்கப்படும் பெரிய மரபணுக் குடும்பத்தின் கதை அங்கே தொடங்குகிறது. கருவில் உறுப்புகளுக்கு வடிவம் கொடுப்பது, குடலிலும் தோலிலும் மார்பகத்திலும் ஸ்டெம் செல்களைத் தக்கவைப்பது ஆகியவை இந்தக் குடும்பத்தின் வேலைகள். மனித மார்பகப் புற்றில் இந்தக் குடும்பத்தின் சமிக்ஞைப் பாதையிலுள்ள மரபணுக்களில் பிறழ்வு ஏற்படுவது அரிது. ஆனால் பாதை ஓங்கி வேலை செய்வதைப் பல கட்டிகளில் காணலாம். இதே எலி வைரஸ் காட்டிக்கொடுத்த இன்னொரு மரபணு நாட்ச் குடும்பத்தைச் சேர்ந்தது. எந்தச் செல் எந்தப் பக்கம் முதிர வேண்டும் என்று அண்டைச் செல்கள் தமக்குள் பேசித் தீர்ப்பது நாட்ச் வழியாகத்தான்.

புற்றுக் கட்டிக்குள்ளேயும் ஸ்டெம் செல்லின் இயல்புள்ள சிறு பகுதி உண்டு என்ற எண்ணம், டொரான்டோவில் ஜான் டிக் 1990-களில் இரத்தப் புற்றில் செய்த ஆய்வுகளிலிருந்து வலுப்பெற்றது. மார்பகத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முகமது அல்-ஹஜ், மைக்கேல் கிளார்க், மேக்ஸ் விச்சா ஆகியோர். 2003-இல் அவர்கள், செல்லின் மேற்பரப்பில் சிடி44 என்ற புரதம் மிகுந்தும் சிடி24 என்ற புரதம் குறைந்தும் இருக்கும் செல்களைக் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அவற்றில் 100 செல்களை எலிக்குள் நட்டாலே புதிய கட்டி வளர்ந்தது. அதே கட்டியின் மற்றச் செல்களைப் பல்லாயிரக் கணக்கில் நட்டும் வளரவில்லை. புதிதாக வளர்ந்த கட்டியிலோ இரண்டு வகைச் செல்களும் கலந்திருந்தன. ஒரு கட்டி தன் முழுமையை மீண்டும் உண்டாக்கத் தேவையான ஆற்றல் எல்லாச் செல்களிலும் சமமாக இல்லை என்பதற்கு அது சான்று. 2007-இல் ஏஎல்டிஹெச்1 என்ற நொதி மிகுந்த செல்களிலும் இதே இயல்பு காணப்பட்டது.

இந்த இடத்தில்தான் ஆய்வகத்தின் மொழியும் என் மேசையின் மொழியும் சந்தித்துக்கொண்டன. 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் என்ற நான்கு மரபணுக்களைக் கொண்டே முதிர்ந்த தோல் செல்லைக் கருநிலை ஸ்டெம் செல்லுக்கு ஒப்பாக மாற்றினார். 2012-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த நான்கில் ஒன்றான மிக் ஏறத்தாழ 15 சதவீத மார்பகப் புற்றுகளில் நகல் பெருகிக் காணப்படும் மரபணு. 2008-இல் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்திலிருந்து இட்டை பென்-போரத் முதலானோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கருநிலை ஸ்டெம் செல்லில் நானாக், ஆக்ட்4, சாக்ஸ்2, மிக் ஆகியவை ஏவிவிடும் மரபணுக்களின் வரிசையை எடுத்துக்கொண்டு, அந்த வரிசை எந்தப் புற்றுகளில் ஓங்கியிருக்கிறது என்று தேடினார்கள். நுண்ணோக்கியில் முதிர்ச்சி குறைந்து காணப்படும் கட்டிகளில், அதாவது நாங்கள் கிரேடு 3 என்று எழுதும் கட்டிகளில், அது ஓங்கியிருந்தது.

கிரேடு என்பது என்ன? 1957-இல் புளூமும் ரிச்சர்ட்சனும் வகுத்த முறையை 1991-இல் நாட்டிங்ஹாமில் எல்ஸ்டனும் எல்லிஸும் செம்மைப்படுத்தினார்கள். மூன்றைப் பார்க்க வேண்டும்: புற்றுச் செல்கள் எந்த அளவுக்குக் குழாய் கட்டியிருக்கின்றன, உட்கருக்கள் எந்த அளவுக்கு உருமாறியிருக்கின்றன, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3 முதல் 5 என்றால் கிரேடு 1. 6, 7 என்றால் கிரேடு 2. 8, 9 என்றால் கிரேடு 3. கட்டியில் 75 சதவீதத்துக்கு மேல் குழாய் வடிவம் இருந்தால் குழாய்க்கான மதிப்பெண் 1. பத்து சதவீதத்துக்கும் கீழே போனால் 3.

மூன்றில் என் மனம் அதிகம் தங்குவது முதலாவதில்தான். குழாய் கட்டுவது பால் சுரப்பியின் பிறவிக் குணம். புற்றாகி, அடித்தளச் சவ்வை உடைத்து வெளியேறிய பின்னும் சில செல்கள் வட்டமாகக் கூடி நடுவே துளைவிட்டு நிற்கும். எங்கிருந்து வந்தோம் என்பது அவற்றுக்கு இன்னும் மறக்கவில்லை. கிரேடு 3 கட்டியில் அந்த ஒழுங்கு போய்விடும். செல்கள் பாளம் பாளமாக நிற்கும். உட்கருக்கள் பெருத்து, உள்ளே நியூக்ளியோலஸ் துருத்திக்கொண்டு தெரியும். முதிர்ந்த செல்லின் வேலையை விட்டுவிட்டுப் பெருகுவதை மட்டும் கையிலெடுத்த நிலை அது. மிலானில் பியர் பாவ்லோ டி ஃபியோரேயின் குழு 2010-இல் ஸ்டெம் செல் இயல்புள்ள செல்களை எண்ணிப் பார்த்தபோது, கிரேடு 1 கட்டிகளைவிடக் கிரேடு 3 கட்டிகளில் அவை கூடுதலாக இருந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நோய்க்குறியியல் மருத்துவர்கள் கண்ணால் அளந்துவந்த ஒன்றுக்கு மரபணு மட்டத்தில் பொருள் கிடைத்தது. ஹெமடாக்ஸிலின், இயோசின் என்ற இரண்டு பழைய சாயங்களின் மேல் எனக்குள்ள மரியாதை அதன்பின் இன்னும் கூடியது.

இதை அவசரமாகப் புரிந்துகொண்டால் பிழையாகிவிடும். ஸ்டெம் செல் மரபணுக்கள் ஓங்கிய கட்டி ஸ்டெம் செல்லிலிருந்துதான் பிறந்தது என்று கொள்ளக் கூடாது. பிஆர்சிஏ1 என்ற மரபணுவின் பிறழ்வைப் பரம்பரையாகப் பெற்ற பெண்களுக்கு வரும் புற்று பெரும்பாலும் கிரேடு 3 ஆகவும், மருந்தைத் தீர்மானிக்க நாங்கள் சோதிக்கும் மூன்று ஏற்பிகளும் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அவற்றுள் ஒன்று) இல்லாததாகவும் இருக்கும். பார்வைக்கு அது வெளிவரிசையின் ஸ்டெம் செல்லை நினைவூட்டும். ஆனால் 2009-இல் மெல்பர்ன் குழு, அந்தப் பெண்களின் மார்பகத்தில் நிலைதடுமாறுவது உள்வரிசையின் இளம் செல்கள் என்று காட்டியது. பாதி முதிர்ந்த ஒரு செல் பின்னோக்கிப் போய் ஸ்டெம் செல்லின் மரபணுக்களை மீண்டும் எடுத்துக்கொள்ள முடியும்.

மார்பகத்தைக் கட்டும் மரபணுக்களில் சிலவற்றை நான் நாள்தோறும் கையாள்கிறேன். பயாப்சியில் செல்கள் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றனவா, வெளியேறிவிட்டனவா என்று ஐயம் வந்தால் பி63 என்ற புரதத்துக்கான இம்யூனோ சாயம் போடச் சொல்வேன். வெளிவரிசைச் செல்களின் உட்கரு பழுப்பாக ஒளிரும். அந்தப் பழுப்புப் புள்ளிகள் சுற்றிலும் தொடர்ந்து நின்றால் புற்று இன்னும் நாளத்துக்குள் இருக்கிறது என்று பொருள். அவை எங்கும் தென்படாவிட்டால் எல்லை தாண்டியிருக்கிறது என்று பொருள். ஒரு பெண்ணுக்குக் கீமோ தேவையா என்ற முடிவு பல நேரம் இந்தப் புள்ளிகளிலிருந்து தொடங்குகிறது. பி63 மரபணுவை நீக்கிய எலிகள் பால் சுரப்பியே இல்லாமல் பிறந்தன என்று 1999-இல் இரண்டு ஆய்வகங்கள் காட்டின. ஓர் உறுப்பு உண்டாவதற்கே இன்றியமையாத மரபணுவைக் கொண்டு அந்த உறுப்பின் வேலி உடைந்ததா என்று நாங்கள் பார்க்கிறோம்.

காட்டா3 என்பதும் அப்படியே. இளம் செல்லை உள்வரிசையின் முதிர்ந்த செல்லாக்குவது இந்த மரபணு. கல்லீரலிலோ எலும்பிலோ ஒரு புற்றைக் கண்டு, அது மார்பகத்திலிருந்து வந்ததா என்று கேட்டு அனுப்பினால் நான் முதலில் நாடுவது காட்டா3 சாயத்தைத்தான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள புற்றுகளில் அது பளிச்சென்று தெரியும். மூன்று ஏற்பிகளும் இல்லாத புற்றுகளில் பல நேரம் மங்கிப்போகும் அல்லது காணாமலே போகும். முதிர்ச்சி போகும்போது முதிர்ச்சியைத் தரும் மரபணுவும் போகிறது. அப்போது சாக்ஸ்10 சாயத்தைத் துணைக்கு அழைப்பேன். அது இத்தகைய புற்றுகளில் பெரும்பாலும் தெரியும். நம் நாட்டு மார்பகப் புற்றுகளில் கால் பங்குக்கும் மேல் இந்த டிரிபிள் நெகட்டிவ் வகை. மேலை நாடுகளைவிட இது கூடுதல். ஆகவே இந்தச் சாயங்களை எச்சரிக்கையாகப் படிக்கும் பயிற்சி நம் ஊர் மருத்துவர்களுக்கு மிகவும் தேவை.

2003-இல் பலர் எண்ணியது, புற்றுக்குள் ஸ்டெம் செல்கள் என்று ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது, அதை அழித்தால் வேரே போய்விடும் என்பது. அந்த எண்ணத்தைத் திருத்தியவர்களில் செந்துறை மணி என்ற தமிழர் முக்கியமானவர். வைன்பெர்க் ஆய்வகத்தில் இருந்தபோது அவர் முதன்மை ஆசிரியராக 2008-இல் வெளிவந்த ஆய்வு, மார்பக எபிதீலியச் செல்களில் ட்விஸ்ட், ஸ்னெயில் என்ற மரபணுக்களை விழிக்கவைத்தால் அவை அண்டைப் பிடிப்பை விட்டு நகரும் செல்களாக மாறுவதையும், மாறும்போது ஸ்டெம் செல்லின் இயல்பையும் பெறுவதையும் காட்டியது. கரு வளர்ச்சியில் செல்கள் இடம்பெயர உதவும் மரபணுக்கள் அவை. பரவும் திறனும் மீண்டும் முளைக்கும் திறனும் ஒரே மாற்றத்தில் சேர்ந்து வரக்கூடும் என்பது அதன் பொருள். 2011-இல் அதே ஆய்வகம், ஸ்டெம் இயல்பில்லாத செல்கள் யாரும் தூண்டாமலே அந்த நிலைக்குத் திரும்பக்கூடும் என்று காட்டியது. ஸ்டெம் இயல்பு என்பது ஒரு செல் ஏறி இறங்கக்கூடிய நிலை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அன்னபூரணி ரங்கராஜனின் ஆய்வகம், புற்றுச் செல்கள் பிடிமானத்தை இழந்து மிதக்கும்போது எப்படி உயிர்தரிக்கின்றன என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அங்கேயே மோகித் குமார் ஜாலியின் குழு, அண்டைப் பிடிப்புள்ள நிலைக்கும் நகரும் நிலைக்கும் நடுவே நிற்கும் கலப்பு நிலைச் செல்களைக் கணித மாதிரிகள் கொண்டு ஆராய்கிறது.

சிகிச்சையில் இதன் பொருளை நான் கண்கூடாகப் பார்க்கிறேன். அறுவைக்கு முன் கீமோ கொடுத்து, பிறகு எடுத்தனுப்பிய மார்பகத்தைத் துண்டு துண்டாக ஆராய்வது என் வேலைகளில் பொறுமை மிகவும் கேட்பது. சிலருக்குப் புற்றே இருக்காது, தழும்பு மட்டும் இருக்கும். அந்த அறிக்கையை எழுதும்போது வரும் நிறைவுக்கு ஈடு கிடையாது. சிலருக்குத் தழும்பின் நடுவே சிறு சிறு தீவுகளாகச் செல்கள் தங்கியிருக்கும். ஹூஸ்டனில் ஜென்னி சாங் முதலானோர் 2008-இல் கீமோவுக்கு முன்னும் பின்னும் எடுத்த பயாப்சிகளை ஒப்பிட்டபோது, சிடி44 மிகுந்து சிடி24 குறைந்த செல்களின் பங்கு கீமோவுக்குப் பின் உயர்ந்திருந்தது. வேகமாகப் பிரியும் செல்களைக் கீமோ கொல்கிறது. நிதானமாக இருக்கும் செல் தப்புகிறது. ஆகவே எஞ்சியிருக்கும் தீவுகளின் பரப்பையும் நிணநீர்க் கணுக்களில் தங்கியதையும் அளந்து எழுதுவதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அடுத்த மருந்தை மருத்துவர் அதைக் கொண்டே முடிவுசெய்கிறார்.

விண்ட், நாட்ச் பாதைகளை அடைக்கும் மருந்துகளும் சோதிக்கப்பட்டுவருகின்றன. ஆனால் மார்பகப் புற்றில் ஸ்டெம் செல்லை மட்டும் குறிவைக்கும் மருந்து எதுவும் வழக்கமான சிகிச்சையாக இடம்பெறவில்லை. காரணம் உயிரியலில் இருக்கிறது. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்கு இதே பாதைகள்தாம் தேவை. நாட்ச் பாதையை அடைத்தபோது கடுமையான வயிற்றுப்போக்கு வந்தது. நம்மைக் கட்டிக்காக்கும் மரபணுக்களைத் தாக்காமல் புற்றை மட்டும் தாக்குவது அவ்வளவு கடினம். இதற்கிடையே ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்ற பேரைக் கேட்டு, மார்பகப் புற்றுக்கும் அது கிடைக்குமா என்று குடும்பங்கள் கேட்கின்றன. இரத்தப் புற்றுக்குச் செய்யும் எலும்புமஜ்ஜை மாற்றம் வேறு, இங்கே பேசப்படும் மரபணுக்கள் வேறு. மார்பகப் புற்றைக் குணமாக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது விற்றால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆழமான அறிவெல்லாம் ஒரு நோயாளிக்குப் பயன்படுவது மிக எளிய சில வேலைகள் சரியாக நடப்பதைப் பொறுத்திருக்கிறது. எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் இறங்க வேண்டும். திசுவைவிடப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். அது திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே ஊடுருவும். முழு மார்பகத்தை அப்படியே போட்டுவைத்தால் நடுவில் இருக்கும் கட்டி அழுகத் தொடங்கும். வந்த உடனே கீறித் திறந்துவைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அது ஊற வேண்டும். இதில் தவறினால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தும் இல்லாததாகத் தெரியலாம். பலன் தரக்கூடிய ஹார்மோன் மாத்திரை ஒரு பெண்ணுக்குக் கிடைக்காமலே போகும். பிறகு பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவும் டெக்னீஷியனின் கை. நல்ல சீவல் இல்லாவிட்டால் எந்த மரபணு அறிவும் உதவாது. எங்கள் துறையில் அதிகம் பேசப்படாத அந்தக் கைகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்என்ஏசி சோதனைக்காகப் பெண்கள் எங்களிடம் நேரில் வருவார்கள். அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தல்லுகிறவர்கள், பால்வெட்டுக்குப் போகிறவர்கள், ஆசிரியைகள், வீட்டில் இருப்பவர்கள். பலரும் ஒன்றையே சொல்வார்கள்: “நோவொண்ணும் இல்லல்லா டாக்டரே, அதான் பாத்துக்கலாம்னு இருந்தேன்.” நான் சொல்வேன்: “நோவு இல்லாத கட்டியத்தான் அக்கா மொதல்ல காட்டணும்.” மார்பகப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும் வரை காத்திருப்பது செல்களுக்கு நிலைமாறவும் வெளியேறவும் நேரம் கொடுப்பது.

இந்த மண்ணில் புற்றுநோயைக் கூர்ந்து கவனித்து எழுதும் வழக்கம் பழையது. குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ. எம். ஓர், தாம் கண்ட வாய்ப்புற்று நோயாளிகளை வெற்றிலை போடும் பழக்கத்தோடு தொடர்புபடுத்தி 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். கூர்ந்து பார்க்கும் கண் அருமனைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத திருவனந்தபுரத்தில் 2006-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 69 வயது வரையுள்ள 1,15,652 பெண்களை வார்டு வாரியாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகத்தைச் சோதித்தார்கள். சோதிக்கப்பட்ட பிரிவில் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்ட புற்றுகள் கூடுதலாக இருந்தன என்று 2011-இல் வெளியான அறிக்கை காட்டியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1,51,538 பெண்களிடம் இருபதாண்டு நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. கைச்சோதனையால் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்று இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை. இந்தியாவில் 2022-இல் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாக வந்தது, 98,000 பேர் இறந்தார்கள் என்று உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. இந்த எண்களின் முன்னால் பயிற்சி பெற்ற ஒரு கையின் மதிப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

சிகிச்சை முடிந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள புற்று நீண்ட காலம் உறங்கிவிட்டுத் திரும்பக்கூடியது. ஐந்து ஆண்டு ஹார்மோன் சிகிச்சையை முடித்த 62,923 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், அதற்கடுத்த பதினைந்து ஆண்டுகளிலும் நோய் வேறிடத்தில் தலைகாட்டும் வாய்ப்பு விடாமல் தொடர்ந்தது. கட்டியின் அளவையும் புற்று எட்டிய நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அது 10 முதல் 41 சதவீதம் வரை இருந்தது. எலும்பிலோ மஜ்ஜையிலோ அடங்கிக்கிடக்கும் ஒரு சில செல்கள் பெருகும் திறனை இழக்காமல் வைத்திருப்பதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எத்தனை ஆண்டு என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

இத்துறைக்கு வரும் இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். புற்றைப் படிக்கும் முன் நல்ல மார்பகத்தை நிறையப் பாருங்கள். பருவப் பெண்ணுடையது, பாலூட்டும் தாயுடையது, மாதவிடாய் நின்றவருடையது என்று எல்லாவற்றையும் பாருங்கள். எந்த மரபணு எந்த அடுக்கை எந்தக் காலத்தில் கட்டுகிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டால், கிரேடு போடுவது வெறும் மதிப்பெண் கூட்டலாக நின்றுவிடாது. ஏற்பிச் சாயம் ஒவ்வொன்றையும் அதே ஸ்லைடில் இருக்கும் நல்ல நாளத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். அந்த நாளம் சரியாகச் சாயமேறாவிட்டால் அந்த முடிவை நம்பாதீர்கள், மறுபடி போடச் சொல்லுங்கள்.

குமரி மாவட்டத்தில் எந்தப் பெண் கட்டியோடு வந்தாலும் முறையான பயாப்சி, உரிய நேரத்தில் ஃபார்மலின், மூன்று ஏற்பிகளின் முடிவு, அவளுக்குப் புரியும்படி ஒரு விளக்கம் ஆகியவை தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும். மிச்சிகனிலும் மெல்பர்னிலும் பெங்களூரிலும் ஸ்டெம் செல் மரபணுக்களைப் பற்றிச் சேர்ந்த அறிவு அருமனைக்கு வந்து சேரும் வழி இந்த வேலைகள்தாம். அவற்றைச் செம்மையாகச் செய்வதற்கே நான் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.